பின்பக்கமாகப் பதினோரு அடி

மங்கலத்தின் இடது கால் முன்னால் வரமாட்டேன் என்று ஐந்து மாதமாக அடம்பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வா என்று சொன்ன அன்றைக்கே வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தது தன்னுடைய சாமர்த்தியம் என்று அருண்பாண்டியன் நாலு இடத்தில் சொல்லியிருக்கிறான். உண்மையில் அது தற்செயல். கட்டிலிலிருந்து அவளை எழுப்பி, தாங்கலாக நாலடி தள்ளி நிறுத்தி, அரைமணி நேரம் கெஞ்சிப் பார்த்து, கால் ஆணி அடித்த மாதிரி நின்ற இடத்திலேயே நிற்க, அவனுக்கே அலுத்துப்போய்விட்டது. சரிம்மா, திரும்ப வேண்டாம், அப்படியே பின்னாலேயே போய்க் கட்டிலில் உட்காருங்கள் என்றான். மங்கலம் போனாள். இடது குதிகால் தரையைத் துழாவியது, இடம் பார்த்தது, ஊன்றியது, உடம்பின் பாரத்தை வாங்கிக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. முப்பது வருடம் குமராட்சியைச் சுற்றியுள்ள வயல்களில் குனிந்து நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னாலேயே நகர்ந்தவள் அவள். நடவு நடுகிறவர்கள் முன்னால் போவதில்லை, போனால் நட்டதை மிதிக்க வேண்டும். பக்கவாதம் வந்தபோது அவள் உடம்பு மகளின் பெயரைக்கூட ஒரு வாரம் மறந்திருந்தது, இதை மறக்கவில்லை. அருண்பாண்டியனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாலரை வருடம் படித்த படிப்பில் எந்தப் புத்தகமும் அவனுக்கு இதைச் சொல்லவில்லை.

அவன் பிசியோதெரபிஸ்ட். அரசாங்கத்தின் வீடு தேடிப் போய் வைத்தியம் பார்க்கும் திட்டத்தில் ஒப்பந்த வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் போக வேண்டும். மங்கலத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும். ரப்பர் பட்டை, பந்து, மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில், இவ்வளவுதான் அவன் பையில் இருப்பது. அவளுடைய பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கணுக்காலைச் சுற்றிச் சுற்றி அசைத்துவிடுவதுதான் முதல் வேலை. அது முடிந்தால் வாசலில் நடை. வீட்டு நிலையிலிருந்து தெருப்பக்கமாக, அடிக்கு ஒன்று என்று சிமெண்டுத் தரையில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருந்தான். மகள் சிந்துஜா எதிரில் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள, இவன் முதுகுப் பக்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொடாமல், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் கூடவே போவான். ஜூலை மாதத்துக்குள் கோடு பதினொன்று ஆகிவிட்டது.

முடிந்ததும் சிந்துஜா டீ கொடுப்பாள். கூடத்தில் உட்கார்ந்து குடிப்பான். எதிர்ச் சுவரில் அவளுடைய அண்ணன் சிங்கப்பூருக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் மாலையோடு எடுத்துக்கொண்ட படம் மாட்டியிருக்கும். ஊர்த்தெருப் பையன் காலனி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம் என்பதில் அருண்பாண்டியனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம் உண்டு. அவன் அம்மா தில்லையம்மாள் ஆரம்பத்தில் முணுமுணுத்தபோது நன்றாகச் சத்தம் போட்டிருக்கிறான். தான் ஒரு நல்ல மனிதன் என்று அவனுக்கே ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதில் பாதிக்கு மேல் உண்மையும்தான், அதை மறைப்பானேன்.

சுதந்திர தினத்தன்று கடலூரில் நற்சான்று வாங்குகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் வந்தது. அதற்காக வீடியோ எடுக்க ஒரு பெண் செல்போனும் மைக்குமாக வந்தாள். மூன்று வீடுகளுக்குப் போனாள். மங்கலம் வீட்டில்தான் நேரம் மறந்து நின்றாள். மங்கலம் பின்பக்கமாகவே பதினோரு கோட்டையும் தாண்டியதைப் பார்த்து எடுத்தவளுக்கே கண் கலங்கிவிட்டது. சிந்துஜா மட்டும், என் முகம் வேண்டாம் என்றாள். அதனால் படத்தில் அவளுடைய கைகள் மட்டும்தான். கூச்ச சுபாவம் என்று அருண்பாண்டியன் நினைத்துக்கொண்டான்.

ஒரு நிமிடம் இருபது வினாடி ஓடும் அந்த வீடியோவை ஒரே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். 'பின்னால, பின்னால, அப்படித்தாம்மா' என்ற அவன் குரல் எந்த டீக்கடையிலும் கேட்டது. இங்கேதான் ஸ்ரீதர் உள்ளே வருகிறான். ஸ்ரீதர் கூடப் படித்தவன், சிதம்பரம் கீழவீதியில் செல்போன் கடை வைத்திருப்பவன், நண்பனுக்காக உயிரைக் கொடுப்பவன். இந்த மாதிரி நண்பர்களுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவனுக்குக் கல்யாணம், வேலை, பிறந்த நாள் என்று எது வந்தாலும் அவனுடைய முகநூலில் அடியாழம் வரை போய், மீசை அரும்பிய காலத்துப் படங்களைத் தோண்டியெடுத்து, ஒவ்வொன்றின் கீழேயும் எதையாவது எழுதிவைப்பது. எழுதினால் அது ஊருக்கெல்லாம் புதிதாக மேலே வந்து நிற்கும். மாட்டிக்கொண்டவன் நெளிவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். பாசம்தான், வேறொன்றும் இல்லை. ஸ்ரீதர் அன்றைக்குப் பதினேழு படங்களைத் தோண்டினான். பிச்சாவரம் படகில் பயந்து உட்கார்ந்திருக்கும் அருண்பாண்டியன், சில்வர் பீச்சில் சட்டையில்லாத அருண்பாண்டியன். பதினேழாவது படத்தில் அருண்பாண்டியன் இல்லை. அவன் எடுத்த படம் அது. ஸ்ரீதர் தேதியைப் பார்த்தானே தவிர, எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. 'அப்பவே மாஸ் மச்சான்' என்று ஒரு வரியைப் போட்டுவிட்டுக் கடையைக் கவனிக்கப் போய்விட்டான்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் போட்டது. குமராட்சியில் மினிபஸ் நிற்கும் இடம். புது பைக் ஒன்றின் மேல் மூன்று இளைஞர்கள், மூவருமே கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறார்கள். யாரோ தங்களைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரியாமல் எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். மேலே பத்தொன்பது வயது அருண்பாண்டியன் எழுதியிருந்தான்: 'நடவு நடுறவ பெத்ததுக்கெல்லாம் கூலிங் கிளாஸ் கேக்குது.' அதற்கு இருநூற்றுப் பதினாலு பேர் லைக் போட்டிருந்தார்கள்.

அவனுக்கு அது சுத்தமாக மறந்தே போயிருந்தது. அதைத்தான் பிறகு அவனால் நம்பவே முடியவில்லை. என்ன கோபத்தில் எழுதினான், அன்றைக்கு யார் கூட இருந்தார்கள், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பார்த்த உடனே அழித்தான். அதற்குள் யாரோ வீடியோவில் மங்கலத்தின் முதுகுக்குப் பின்னால் கைவிரித்து நிற்கும் அவனையும், அந்தப் பழைய பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி அது போய்க்கொண்டே இருந்தது. திட்டியவர்கள் திட்டினார்கள், அதை அவனால் தாங்க முடிந்தது. முகம் தெரியாத நாலைந்து பேர் அவனைச் சிங்கம் என்று புகழ்ந்து, நாங்கள் இருக்கிறோம் சகோ, கவலைப்படாதே என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும்தான் அவன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். அவர்கள் தன்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துப் பேசுகிறார்கள், பேசுவதற்குக் காரணமும் தானே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது புரிந்தது.

வட்டார மருத்துவ அலுவலர் காயத்ரி கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. பட்டியலில் பெயர் இல்லை என்றார். மறு உத்தரவு வரும்வரை யார் வீட்டுக்கும் போக வேண்டாம், திங்கட்கிழமை கடலூருக்குப் போய் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கொடுத்துவிடுங்கள் என்றார். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியது, அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் போனை வைக்கும் முன்னால் அவர் கேட்டார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் அருண். அது நீங்க எழுதுனதுதானா?"

அருண்பாண்டியன் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினான். சிக்னல் சரியில்லை போல என்று அவரே வைத்துவிட்டார்.

வீட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீதர் வந்து, மூக்கைச் சிந்தி அழுதான். தாய்மாமா சுப்பராயலுதான் தெளிவாக இருந்தார். எழுதினது அவன் இல்லை என்று சொல்வதற்கு ஒரு வழி இருக்கும்போது எதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள் என்றார். "ஐடிய எவனோ ஹேக் பண்ணிட்டான்னு எழுதிக் குடுறா. பெரிய பெரிய ஆளுங்களே அதத்தான சொல்றாங்க." ஸ்ரீதருக்கு உயிர் வந்தது. கடைக்கு ஓடி, தட்டச்சு செய்து, நகல் எடுத்து, கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். சின்னக் காகிதம்தான். அருண்பாண்டியன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை கடலூர் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. சிப்காட் நிறுத்தத்தில் ஷிப்ட் முடித்து ஏறியவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செல்போனை எடுத்தார். சற்று நேரத்தில் 'பின்னால, பின்னால, அப்படித்தாம்மா' என்று அருண்பாண்டியனின் குரல் அவர் மடியிலிருந்து கேட்டது. அவன் சன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. குரல் பாதியில் அறுந்து, அடுத்து ஏதோ சமையல் குறிப்பு ஓட ஆரம்பித்தது.

அலுவலகத்தில் வெள்ளைத்தாளும், கூடவே அந்தப் பதிவின் நகலும் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். முழுத்தாளில் பெரிதாக அச்செடுத்திருந்தார்கள். செல்போனில் கட்டைவிரல் அளவுக்குப் பார்த்த முகங்கள் இப்போது கையகலம் இருந்தன. தான் எடுத்த படத்தை அருண்பாண்டியன் முதல் தடவையாகப் பார்த்தான். நடுவில் இருக்கிறவனுக்கு இடது புருவத்தில் குறுக்கே ஒரு வெட்டு. கண்ணாடியை மீறி அது தெரிந்தது. இந்தப் புருவத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தான். எங்கேயோ என்ன, வாரத்துக்கு இரண்டு தடவை, டீயைக் கையில் வைத்துக்கொண்டு நேர் எதிரில் பார்த்திருக்கிறான். மாலை போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் நிற்கும் சிந்துஜாவின் அண்ணன் அன்பரசு. ஆக, நடவு நடுகிறவள் என்று எழுதினானே, அவள் யாரென்று இப்போது தெரிந்தது.

சட்டைப்பையில் இருந்ததை அவன் எடுக்கவில்லை. வெள்ளைத்தாளில் தன் பெயர், பதவி, தேதி எல்லாம் போட்டு, மேற்படி பதிவை எழுதியது நான்தான், அதற்கு வேறு காரணம் எதுவும் சொல்வதற்கில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வாங்கிய எழுத்தர் படித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவுதானா என்றார். இவ்வளவுதான் என்றான். முடிவு தபாலில் வரும் என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. போகக் கூடாது என்று உத்தரவு. பை இல்லாமல், பைக் இல்லாமல், மினிபஸ்ஸில் போனான், உத்தரவை மீறவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது. குமராட்சியில் அதே நிறுத்தத்தில் இறங்கினான். காலனிக்குள் நடந்தான். வழக்கமாக, சார் என் முட்டியைக் கொஞ்சம் பாருங்கள் என்று மறிக்கும் ராஜாமணி குழாயடியில் நிமிராமல் குடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மங்கலம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சிந்துஜா தரையில் அமர்ந்து, அம்மாவின் பாதத்தை மடியில் வைத்து, அவன் செய்கிற மாதிரியே கணுக்காலை அசைத்துக்கொண்டிருந்தாள். சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணிநேரம் அனுமதி வாங்கி இருப்பாள், இன்றும் வாங்கியிருக்கிறாள். அவனைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு தெருவரைக்கும் வந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"அந்தப் போட்டோல இருக்கறது உங்க அண்ணன்னு நேத்துதாங்க எனக்குத் தெரிஞ்சது" என்றான்.

"எனக்கு மொத நாளே தெரியும் சார்."

அவள் குரலில் ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லை. ரத்த அளவைப் படித்துச் சொல்வது போலச் சொன்னாள். வீட்டுக்கு ஒரு ஆள் வரப் போகிறார் என்றால் யார் எவர் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா, அவன் முதல்முறை வந்துபோன அன்று சாயங்காலம் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். கீழே, கீழே என்று தள்ளிக்கொண்டே போனதில் அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அது எந்தப் படம் என்று அவளுக்கு யோசிக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. அந்தப் படம் வந்த வருடம் அவள் பன்னிரண்டாவது படித்தாள். மினிபஸ்ஸில் வைத்து யாரோ அன்பரசுக்கு அதைக் காட்டிச் சிரித்தார்கள். அவன் ஒரு மாதத்தில் பைக்கை விற்றுவிட்டான். பிறகு சிங்கப்பூர். கண்ணாடி இன்னும் பீரோவில் இருக்கிறது, அதற்குப் பிறகு அவன் அதைப் போட்டு யாரும் பார்க்கவில்லை. போட்டவன் யாரென்று அன்றைக்குப் பெயர் தெரியாது, இப்போது பெயரும் கிடைத்துவிட்டது.

அம்மாவுக்கு, என்று ஆரம்பித்தான் அருண்பாண்டியன்.

"நாந்தான் படிச்சுக் காட்டுனேன். ஒரு வரி விடாம. இவரு வேணாம்மா, வேற ஆளக் கேப்போம்னு சொன்னேன். அம்மாதான், வரட்டும்டின்னாங்க. எம் பாதத்த அவன் மடியில வச்சாத்தான அவனுக்கு வேல ஆவும், வரட்டும்னாங்க."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஏழு மாதம், ஐம்பது தடவைக்கு மேல். ஐம்பது தடவையும் அந்தப் பாதம் அவன் மடியில் இருந்திருக்கிறது, மங்கலம் அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். வலிக்குதாம்மா என்று கேட்பான், இல்லப்பா என்பாள். டீ வந்தது. சர்க்கரை ஜாஸ்தியா சார் என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தாள் இந்தப் பெண். முகத்தைக் காட்டாமல் வீடியோவுக்குக் கையை மட்டும் கொடுத்தாள். நினைத்திருந்தால் எந்த நிமிடத்திலும் அவனை முடித்திருக்கலாம், ஒரு விரலால் தட்டினால் போதும். தட்டவில்லை. அவனை முடித்தது அவன் நண்பனின் பாசம். இவர்கள் வாய்வரை நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஏழு மாதம் நடந்திருக்கிறார்கள். மன்னித்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை, சிந்துஜாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மன்னிக்காமலேயே இப்படி இருக்க முடியுமா? மனிதர்களால் இது முடியுமா? பின்னால் நகர்ந்த அந்தக் காலை முதன்முதலில் பார்த்தபோது வந்த சிலிர்ப்பு மறுபடி வந்தது. இந்த முறை அதை நாலு இடத்தில் சொல்லிப் பெருமைப்பட முடியாது. இந்த வீட்டில் தான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியபோது தலை தானாகக் குனிந்தது.

மன்னித்துவிடுங்கள் என்றான்.

"அத எங்கிட்ட சொல்லி என்னா சார் ஆவப் போவுது. நம்பர் தரேன், அண்ணங்கிட்ட சொல்லுங்க. எடுப்பானா மாட்டானா, அது எனக்குத் தெரியாது."

அவள் எண்ணைச் சொல்ல, அவன் செல்போனில் அடித்தான். இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை சரியாக வந்தது. பெயர் என்ன போடுவது என்று கேட்டது செல்போன். அன்பரசு என்று அடித்தான். பத்து வருடம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய பெயர்.

நாற்காலியிலிருந்து மங்கலம் கூப்பிட்டாள். அவனை அல்ல, மகளை. "வேலைக்கிப் போற நேரமாச்சி. வாடி, நடந்துட்டு ஒன்ன வுட்டுடறேன்."

சிந்துஜா போய் அம்மாவை எழுப்பி, நிலைப்படிக்குப் பக்கத்தில் முதுகு தெருப்பக்கம் வருமாறு நிறுத்தினாள். இரண்டு நாளாக முதுகுக்குப் பின்னால் நாற்காலியை வைத்து, அதைக் காலால் தள்ளித் தள்ளி நடத்தியிருக்கிறார்கள் போல, பெயிண்டுக் கோடுகளின் மேல் இழுத்த தடம் இருந்தது. இப்போதும் சிந்துஜா நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளுக்கு மேலாக அருண்பாண்டியனைப் பார்த்தாள். வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. நாற்காலியை எடுக்காமல் அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

மங்கலம் நடக்க ஆரம்பித்தாள். வலது கால், இடது கால். சிந்துஜா எண்ணினாள். ஐந்தில் மூச்சு வாங்க நின்றாள், மறுபடி நகர்ந்தாள். நரைத்த கொண்டையும் வெளுத்த சேலை முதுகும் ஒவ்வோர் அடியாகப் பெரிதாகிக்கொண்டே அவனை நோக்கி வந்தன. எட்டு. ஒன்பது. அருண்பாண்டியன் தெருவிலேயே நின்றான். அவனைக் கேட்காமலே அவன் கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. பத்து. பதினொன்று. கோடுகள் அத்தோடு முடிந்துவிட்டன. சிந்துஜா எண்ணுவதை நிறுத்தினாள். மங்கலம் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அவளுடைய இடது குதிகால் பின்னால் வந்து, அவன் நிற்கும் தெருமண்ணைத் துழாவியது.